கரையும் கோட்டையும் – அத்தியாயம் 17: இரண்டாம் விருப்பம்

1967-ஆம் வருஷத்துப் பொதுத்தேர்தலோடு சென்னைக் கோட்டையில் ஆட்சி கைமாறிய வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிக்குச் சென்று திரும்பிய நம் கடற்கரை மக்கள், சட்டசபைக்கு ஒருவரையும் மக்களவைக்கு ஒருவரையும் அனுப்பியதோடு தங்கள் கடமை முடிந்தது என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் அன்று அவர்கள் இட்ட முத்திரை அந்த வருஷமே டாக்டர் ஜாகிர் உசேனை ஜனாதிபதி ஆக்குவதில் பங்கு கொண்டது; அவர் பதவிக் காலம் முடியுமுன் காலமானபின், 1969 ஆகஸ்டில், அவருக்குப் பின் அந்த ஸ்தானத்தில் அமர்பவர் யார் என்பதையும் அதே முத்திரையே தீர்மானித்தது. கரையில் விழுந்த ஒரு வாக்கு எந்தெந்தக் கைகள் வழியாக ராஷ்டிரபதி பவனத்தை எட்டுகிறது என்பதையும், அந்த வழி செம்மையானதுதானா என்பதையும் ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

மரக்காணத்து உப்பளங்களை அடுத்துக் கடலோரமாக அமைந்த எக்கியார்குப்பத்து மீனவருக்கு மறைமுகத் தேர்தல் என்பது அந்நியமான விஷயம் அன்று. ஊராட்சித் தலைவரை அவர் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்றியத்துச் சேர்மனையோ, அவரும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, 6, 9 தேதிகளில் மக்கள் வாக்களித்தார்கள்; 22-ஆம் தேதி கவுன்சிலர்கள் வாக்களித்தார்கள். இத்தகைய இடைவெளி வரும்போதெல்லாம், எந்தக் கவுன்சிலர் எந்தப் பக்கம், யாரை யார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கே தங்க வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஓய்வதில்லை. “நாம ஓட்டுப் போட்டது ஒருத்தருக்கு, அவரு போட்டது யாருக்கோ” என்று சாதாரண ஜனங்கள் சொல்லும் அந்த ஆதங்கத்தை அற்பமானதென்று தள்ளிவிடலாகாது. இடையில் நிற்கும் பிரதிநிதி நமக்காகச் சிந்தித்து வாக்களித்தாரா, அல்லது பிறர் சொன்ன இடத்தில் நம் வாக்கைக் கொண்டுபோய் வைத்தாரா என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிய விவாதம் முழுவதும் கடைசியில் வந்து நிற்பதும் அதே கேள்வியில்தான்.

அரசியல் நிர்ணய சபையில் இந்த விவாதம் மிக விரிவாக நடந்தது. 1947 ஜூலையில் ஜவஹர்லால் நேரு மத்திய அரசியலமைப்பின் அடிப்படைகளைச் சபை முன் வைத்தபோது, நாம் நாடுவது மந்திரிசபை பொறுப்பேற்கும் ஆட்சியே என்றும், உண்மையான அதிகாரம் அளிக்காத ஒருவரைக் கோடிக்கணக்கான மக்கள் நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது என்றும் வாதித்தார். இந்தக் கருத்தைத் தளராமல் எதிர்த்தவர் பேராசிரியர் கே. டி. ஷா. வயதுவந்த பிரஜைகள் அனைவரும் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். வாக்காளர் தொகையின் பிரம்மாண்டத்தையும், ஜனாதிபதி பெயரளவுத் தலைவரே என்பதையும் காட்டி டாக்டர் அம்பேத்கர் அதை மறுக்க, திருத்தம் தோற்றது. அந்த ஷாவே 1952-இல், தாம் எதிர்த்த அதே முறைப்படி நடந்த முதல் தேர்தலில், ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து நின்றார் என்பது நினைவில் கொள்ளத் தக்கது. பிரசாத்துக்கு 5,07,400 வாக்குகளும் ஷாவுக்கு 92,827 வாக்குகளும் கிடைத்தன. தம் கொள்கை தோற்ற பின்பும் அந்த முறைப்படி போட்டியிடுவதைக் கௌரவக் குறைவாக அவர் கருதவில்லை.

அந்த ஏற்பாடுதான் என்ன? பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களும், மாநிலச் சட்டசபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களும் சேர்ந்தது வாக்காளர் குழு. நியமன அங்கத்தினர்களுக்கு அதில் இடமில்லை. ஒரு மாநிலத்தின் ஜனத்தொகையை அதன் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதே அம்மாநிலச் சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் வாக்கு மதிப்பு. தமிழ்நாட்டின் 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகை 4,11,99,168. அதை 234-ஆல் வகுத்து ஆயிரத்தால் சுருக்கினால் 176. ஆக எக்கியார்குப்பத்தின் சார்பில் கோட்டையில் அமரும் அங்கத்தினரின் வாக்கு ஒன்றுக்கு 176 மதிப்பு. தமிழ்நாடு முழுவதற்கும் 41,184.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிச் சற்றுத் தூரம் சென்றால், கனகசெட்டிக்குளத்தில் எல்லை மாறிவிடுகிறது. அங்கேயும் அதே கடல், அதே வலை. ஆனால் அந்தக் கரையின் சட்டசபை அங்கத்தினருக்கு வாக்கு மதிப்பு 16 மட்டுமே. இதைக் கேட்டுச் சிலர் அநீதி என்று பதறுவதுண்டு. கணக்கை நிதானமாகப் பார்த்தால் அநீதி இல்லை என்பது விளங்கும். புதுச்சேரியின் நாலே முக்கால் லட்சம் மக்களுக்கு 30 அங்கத்தினர்கள் இருப்பதால் ஒவ்வொருவரின் பின்னாலும் நிற்பவர் தொகை குறைவு. மதிப்பும் அதற்கேற்பக் குறைகிறது. இரு கரைகளிலும் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு வாக்கு என்ற விகிதம் மாறவில்லை. உண்மையான அநீதி வேறோர் இடத்தில் இருந்தது. 1992-இல் 70-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறும் வரை தில்லிக்கும் புதுச்சேரிக்கும் சட்டசபை வழியாக இத்தேர்தலில் பங்கே கிடையாது. நாம் இங்கே பேசப்போகும் 1969-இல் கனகசெட்டிக்குளத்து மீனவரின் குரல் பாராளுமன்ற அங்கத்தினர்கள் மூலமாக மட்டுமே தில்லியை எட்ட முடிந்தது.

எல்லா மாநிலச் சட்டசபைகளின் மொத்த மதிப்பைப் பாராளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் தொகையால் வகுத்தால், பாராளுமன்ற அங்கத்தினர் ஒருவரின் மதிப்பு வருகிறது. 1969-இல் அது 576, 2022-இல் 700. இதனால் மத்தியப் பாராளுமன்றத்தின் கை ஒரு தட்டிலும் மாநிலங்கள் அனைத்தின் கை மறு தட்டிலும் ஏறக்குறையச் சரிசமமாக நிற்கின்றன. ஜனாதிபதி தில்லிக்கு மட்டும் உரியவர் அல்லர், மாநிலங்களுக்கும் உரியவர் என்ற சித்தாந்தத்தை இந்த எளிய வகுத்தல் கணக்கு தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

வாக்குச்சீட்டும் நம் கரையினர் அறிந்த சீட்டுப் போன்றது அன்று. அதில் உதயசூரியனும் இல்லை, கையும் இல்லை, இலையும் இல்லை, தாமரையும் இல்லை. ஒரு பத்தியில் வேட்பாளர் பெயர், மறு பத்தியில் வெற்றிடம். பாராளுமன்றத்தாருக்குப் பச்சை நிறச் சீட்டு, சட்டசபையாருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. முத்திரை குத்துவதில்லை, முதல் விருப்பத்திற்கு 1, அடுத்த விருப்பத்திற்கு 2 என்று எண்ணால் எழுத வேண்டும், எழுத்தால் எழுதினால் செல்லாது. இந்திய மொழி எதிலும் வழங்கும் எண் வடிவத்தைப் பயன்படுத்தலாம் என்பதால், விரும்பினால் ஓர் அங்கத்தினர் ‘௧’ என்று தமிழ் எண்ணாலேயே தம் விருப்பத்தைப் பதியலாம். வாக்கு ரகசியமானது, கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு இங்கே இடமில்லை. இந்த இரண்டு அம்சங்களும், அதாவது இரண்டாம் விருப்பமும் ரகசியமும், ஏட்டளவில் மட்டும் உயிரோடிருக்கின்றன என்றே 1969 வரை பலரும் எண்ணியிருந்தார்கள்.

1969 மே 3-ஆம் தேதி ஜாகிர் உசேன் காலமானார். உபஜனாதிபதியாக இருந்த வி. வி. கிரி ஜனாதிபதியின் பொறுப்பை ஏற்றார். கிரி சென்னைக்கு அந்நியரல்லர். 1937-இல் ராஜாஜி அமைத்த சென்னை மாகாண மந்திரிசபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பாராளுமன்றக் குழு, பிரதம மந்திரி இந்திரா காந்தியின் விருப்பத்தை மீறி, மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகத் தேர்ந்தது. அந்த முடிவுக்குப் பின்னால் நின்ற மூத்த தலைவர்களுள் முக்கியமானவர் நம் காமராஜர். உடனே கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டுவிட்டு, மறுநாள் அவர் பதவி துறந்தார். ஜனாதிபதியும் இல்லை, உபஜனாதிபதியும் இல்லை என்ற அபூர்வ நிலையில், பிரதம நீதிபதி ஹிதாயத்துல்லா நாட்டின் தலைமையைத் தற்காலிகமாக ஏற்றார்.

அந்த ஒரு மாத காலத்தில் தமிழகத்தின் அரசியல் மூன்று திசைகளில் நின்றதை வரலாறு விசேஷமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். காமராஜர் சஞ்சீவ ரெட்டியின் பக்கம். ராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சி, ஜனசங்கத்தோடு சேர்ந்து, மற்றொரு வேட்பாளரான சி. டி. தேஷ்முக்கின் பக்கம். அண்ணா மறைந்து ஆறு மாதங்களே ஆகியிருந்த நிலையில், முதல்வர் கருணாநிதியின் தலைமையிலிருந்த தி.மு.க. கிரியின் பக்கம். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, தேஷ்முக்கின் ஆதரவாளர்கள் தங்கள் இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்கு அளிக்க வேண்டும் என்று அந்தக் கட்சித் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். அந்தச் சந்திப்பையே ஆயுதமாக எடுத்துக்கொண்டது இந்திரா காந்தியின் அணி. ரெட்டியின் வேட்புமனுவில் தாமே கையொப்பமிட்டிருந்த பிரதமர், அவருக்கு வாக்களிக்குமாறு கட்சியினருக்கு உத்தரவிட மறுத்து, மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி வாக்குப்பதிவு. 20-ஆம் தேதி எண்ணிக்கை. வேட்பாளர்கள் பதினைந்து பேர். செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337; வெற்றிக்குத் தேவை, பாதிக்கு மேல் ஒன்று, அதாவது 4,18,169. முதல் விருப்பங்களை எண்ணி முடித்தபோது கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. முதலிடத்தில் நின்றும் கிரிக்கு 16,654 குறைந்தது. இந்தியக் குடியரசின் வரலாற்றில் முதல் தடவையாக, அடுத்த விருப்பங்களைப் பார்த்தே தீர வேண்டிய நிலை பிறந்தது. கடைசி இடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விலக்கி, அவரவர் சீட்டில் அடுத்துக் குறித்த பெயருக்கு அந்த மதிப்பை மாற்றி மாற்றி, இறுதியில் தேஷ்முக்கின் சீட்டுகளையும் பிரித்தார்கள். நிஜலிங்கப்பா நாடியபடியே பெரும்பகுதி ரெட்டிக்குச் சென்றது. அவருக்கு மொத்தத்தில் 91,879 கூடிற்று. கிரிக்குக் கூடியது 18,562 மட்டுமே. ஆனால் அதுவே போதுமானதாயிற்று. கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வெற்றிக் கோட்டைக் கிரி தாண்டியது 1,908 மதிப்பால். பாராளுமன்ற அங்கத்தினர் நால்வரின் வாக்குக்கும் குறைவு.

இந்த எண்களோடு தமிழ்நாட்டின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 1967-இல் தி.மு.க. மக்களவைக்கு அனுப்பியவர்கள் 25 பேர். ஒருவருக்கு 576 வீதம் அவர்களின் மதிப்பு 14,400. கிரிக்கும் ரெட்டிக்கும் இறுதியில் இருந்த இடைவெளி 14,650. அந்த 25 பேர் மறு பக்கம் சாய்ந்திருந்தால் கிரி வென்றிருக்க மாட்டார். சட்டசபையின் மதிப்பை இதில் நான் சேர்க்கவேயில்லை. அந்த வருஷக் கடைசிக்குள் காங்கிரஸ் மகாசபை இரண்டாகப் பிளந்தது, இந்திய அரசியலின் போக்கே மாறியது. அத்தனை பெரிய மாற்றத்தின் அடியில், வலையையும் உப்பையும் நம்பி வாழும் கரைகளிலிருந்து 1967-இல் புறப்பட்ட வாக்குகளும் இருந்தன. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாகக் கடந்து, கடக்கக் கடக்கச் செறிவேறி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூப்பதைப் போன்றதே மறைமுகத் தேர்தலில் மக்கள் வாக்கின் பயணம். இடையில் வேற்று நீர் கலவாதிருக்க வேண்டும் என்பதே இரண்டிற்கும் உள்ள நிபந்தனை.

கிரியின் தேர்தல் செல்லாது என்று தொடுத்த வழக்கில், பதவியிலிருந்த ஜனாதிபதியே உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1970-இல் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. அதன்பின் வேட்பாளர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டம் திருத்தப்பட்டது. 1974-இல் பத்துப் பேர் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று விதித்தார்கள். 1997-இல் அது ஐம்பதும் ஐம்பதுமாக உயர்ந்தது. விளையாட்டாக மனுப் போடுவோரைத் தடுக்க இது உதவியது உண்மையே. ஆனால் நூறு அங்கத்தினர்களின் கையொப்பமின்றி எவரும் நிற்க முடியாது என்ற நிலையில், பெரிய கட்சிகளின் தலைமை முன்வந்து நிறுத்தினாலன்றி யாரும் களத்தில் இறங்க இயலாது என்பதும் உண்மை.

பெயரளவுத் தலைவரை எவ்விதம் தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்போருக்குத் தமிழ்நாட்டின் அனுபவமே பதில் சொல்லும். 1991 ஜனவரி 30-ஆம் தேதி, மாநில ஆளுநர் பர்னாலா சிபாரிசு செய்யாத நிலையிலும், கருணாநிதி மந்திரிசபையைக் கலைக்கும் உத்தரவில் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் கையொப்பமிட்டார், அவர் தஞ்சை ஜில்லா ராஜாமடத்தில் பிறந்த தமிழர். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்குமாறு மத்திய மந்திரிசபை அனுப்பிய ஆலோசனையை ஜனாதிபதி கே. ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை அதைக் கைவிட்டது. ஒரே அரசியலமைப்பு, ஒரே பேனா. வேறுபட்டது அதைப் பிடித்த கை. மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ஜனாதிபதியின் பார்வைக்கு ஒதுக்கி வைக்கும்போதும், அந்தக் கையே நம் சட்டத்தின் விதியை எழுதுகிறது. ஆகையால் அக்கையைத் தேர்ந்தெடுக்கும் முறை நமக்கு அந்நியக் காரியம் ஆகாது.

அப்படியானால் ஷா கேட்டபடி நேரடித் தேர்தலுக்குப் போய்விடலாமா? இலங்கை 1978-ஆம் வருஷத்து அரசியலமைப்பில் அந்த வழியை ஏற்றது. மக்கள் நேரே அளித்த ஆணையைத் தாங்கிய ஜனாதிபதியின் கையில் அதிகாரம் முழுவதும் குவிந்தது. அந்தப் பதவியின் அதிகாரத்தை ஒழிப்போம் என்ற வாக்குறுதி அங்கே தேர்தல்தோறும் எழுந்தும் இன்னும் நிறைவேறவில்லை. சிங்கப்பூர் 1991-இல் சட்டத்தைத் திருத்தி, பாராளுமன்றம் தேர்ந்தெடுத்துவந்த ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. ஆனால் வேட்பாளருக்கான தகுதி விதிகள் கடுமையாக இருப்பதால், தமிழரான எஸ். ஆர். நாதன் 1999-இலும் 2005-இலும் போட்டியின்றியே பதவி ஏற்றார். மக்கள் நேரே வாக்களிக்கலாம் என்று எழுதிவைப்பது ஒன்று, வாக்களிக்கும் வாய்ப்பு வருவது வேறொன்று. நம் நாட்டில் கோடானுகோடி மக்களின் நேரடி ஆணையோடு ஒருவர் ஜனாதிபதியாக அமர்ந்தால், அவர் மந்திரிசபையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டு இருப்பார் என்று எதிர்பார்ப்பது இயற்கைக்கு மாறானது. ஒரே உறையில் இரு வாள்கள் இருக்க இயலா. நேருவும் அம்பேத்கரும் அன்று கொண்ட முடிவு இன்றும் சரியானதே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆயினும் இரண்டு சீர்திருத்தங்கள் அவசியமானவை. முதலாவது, வாக்கு மதிப்பைப் பற்றியது. 1976-இல் 42-ஆவது திருத்தமும் 2001-இல் 84-ஆவது திருத்தமும் 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகையையே அடிப்படையாக நிறுத்தி வைத்தன. 2026-க்குப் பின் எடுக்கும் முதல் ஜனக்கணக்கு வெளியானதும் அந்தத் தடை நீங்கிவிடும். இன்று தமிழ்நாட்டின் 41,184 என்பது உத்தரப் பிரதேசத்தின் 83,824-இல் ஏறக்குறையப் பாதி. இரு சட்டசபைகளின் தொகையையும் மாற்றாமல் 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகையை வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: நமக்கு 72,072, அவர்களுக்கு 1,99,888, பாதியாக இருந்தது மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசக் கட்டளையாக ஏற்று நிறைவேற்றிய மாநிலம், அந்தக் கீழ்ப்படிதலுக்காகவே குரல் மெலிய வேண்டுமா? வடக்கே பிறந்த பிரஜையும் ஒரு பிரஜைதானே, அவருக்குச் சம மதிப்பு வேண்டாமா என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். மக்களவைக்கு அந்த வாதம் வலிமையுள்ளது. ஆனால் ஜனாதிபதி ராஜ்யங்களின் ஒன்றியத்திற்குத் தலைவர். மாநிலங்களுக்கும் மத்திக்கும் சமநிலை வேண்டும் என்று அரசியலமைப்பே இத்தேர்தலுக்கென்று தனியாக விதித்திருக்கிறது. ஆகையால், மக்களவைத் தொகுதிகளைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும், ஜனாதிபதித் தேர்தலின் வாக்கு மதிப்புக்கு 1971-ஆம் வருஷத்து அடிப்படை மாநிலங்களின் பொதுச் சம்மதமின்றி மாறாதவாறு தனித் திருத்தம் செய்வதே நியாயம்.

இரண்டாவது, வாக்காளரைப் பற்றியது. 1969-க்குப் பின் எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் முடிவு இரண்டாம் விருப்பம் வரை சென்றதில்லை. வேட்பாளர் பெயரைக் கட்சிகள் சில வாரங்களுக்கு முன் அறிவிக்க, சட்டசபை அங்கத்தினரும் பொதுமக்களோடு ஒரே நாளில் அதைப் பத்திரிகையில் படித்து அறிகிறார். ரகசிய வாக்கும் விருப்ப எண்களும் சிந்திக்கும் மனிதருக்காக வகுத்தவை. ஏந்திச் செல்பவருக்கு அவற்றால் பயனில்லை. எனவே வேட்பாளர்களின் பெயரை வாக்குப்பதிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு சட்டசபையிலும் அவர்கள் நேரில் வந்து, மந்திரிசபையின் ஆலோசனையை எந்தச் சந்தர்ப்பத்தில் திருப்பி அனுப்புவார்கள், மாநில மசோதாக்களை எவ்வளவு காலத்திற்குள் முடிவு செய்வார்கள் என்று அங்கத்தினர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த விவாதம் வெளிப்படையாக நடக்கட்டும். வாக்கு மட்டும் ரகசியமாகவே இருக்கட்டும். நூறு கையொப்பம் என்ற நிபந்தனையைக் குறைத்து, பல மாநிலங்களிலிருந்து சிலர் வீதம் கையொப்பமிட்டால் போதும் என்று மாற்றினால், தேசத்தின் மதிப்பைப் பெற்ற ஒருவர் கட்சித் துணையின்றியும் நிற்க வழி பிறக்கும்.

இவ்வாறு செய்தால், எக்கியார்குப்பத்து வாக்காளர் தம் தொகுதிக்குத் திரும்பி வரும் அங்கத்தினரை நிறுத்தி, “அவரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்?” என்று விசாரிக்க முடியும். யாருக்கு வாக்களித்தீர் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. என்ன சிந்தித்தீர் என்று கேட்க முழு உரிமை உண்டு. மறைமுகத் தேர்தலை ஜனநாயகமாக்குவது அந்த உரிமைதான்; அதை அவருக்கு அளிக்கும் கடமை, அவர் வாக்கால் கோட்டைக்குச் சென்றவர்களுடையது.

1969-இல் தோற்ற சஞ்சீவ ரெட்டி, எட்டு ஆண்டுகளுக்குப் பின் 37 மனுக்களில் 36 தள்ளுபடியாகி, போட்டியின்றியே ஜனாதிபதியான வரலாற்றை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)